ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியவில்லை: வழி சொல்லுங்கள்

வணக்கம். மத்திய சிறை ஒன்றில் நல அலுவலராக இருக்கிறேன். ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த இளைஞர் ஒருவருக்கு ஜாமீன் கிடைத்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. உள்ளூர் ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டும். இங்கே அவருக்கு யார் இருக்கிறார்கள்? மேஸ்திரியும் போனை எடுப்பதில்லை. அவருடைய அம்மாவிடம் பேசும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது.

மத்திய அரசின் ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில் ஜாமீனுக்குப் பண உதவி கிடைக்கும், சரி. ஆனால் ஆளுக்கு எங்கே போவது?

ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்குள் வெளியே வராதவர்களின் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றங்கள் தாமாகவே பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது. அதைக் காட்டி யாரையாவது ஜாமீன்தாரர் இல்லாமல், சொந்தப் பிணையில் வெளியே கொண்டுவந்திருக்கிறீர்களா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக மனு போட்டீர்களா? மாதிரி மனு இருந்தால், பெயர்களை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.