கேஸ் கிரில்: பர்னர் ஓட்டை, ரிப்பேர் பண்ணலாமா, புதுசே வாங்கிடலாமா?

கோத்தகிரி வீட்டம்மா:
கோத்தகிரியில ரெண்டு ரூம் விட்டு ஹோம்ஸ்டே நடத்துறேன். நாத்தனார் வெளிநாட்டுல இருந்து திரும்பினப்போ கொண்டு வந்து கொடுத்த நாலு பர்னர் கேஸ் கிரில் ஒண்ணு இருக்கு. ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க வெளியிலயே நின்னுச்சு. இப்ப ஒரு பர்னர்ல சுண்டு விரல் போற அளவுக்கு ஓட்டை. இன்னொண்ணு மஞ்சளா எரியுது, பாத்திரமெல்லாம் கரி. பர்னருக்கு மேல கூரை மாதிரி வர்ற தகடு தொட்டாலே உதிருது. கால் நாலும் துரு. மூடிக்கு உள்பக்கம் கருப்பு பெயின்ட் உரிஞ்சு கறி மேல விழுது. ஸ்பேர் பார்ட்ஸ் இங்க எங்கயும் கிடைக்கல. புதுசு 40,000 சொல்றாங்க. ஏப்ரல், மே சீசனுக்குள்ள முடிவு பண்ணணும்.

ஊட்டி தம்பி:
பேசாம பழைய டிரம்மைப் பாதியா வெட்டி கரி போட்டுருங்க அக்கா. துருப் பிடிச்சா இன்னொரு டிரம்.

குன்னூர் அடுப்பு மெக்கானிக்:
தம்பி, கரி வேண்டாம். மாசி, பங்குனியில புல்லு காஞ்சு கெடக்கும், ஒரு பொறி போதும். அதுவுமில்லாம குளிருதுன்னு கங்கோட தூக்கி ரூமுக்குள்ள வெச்சுக்குவாங்க. அந்தப் புகையில தூங்கினவங்க எந்திரிக்கவே மாட்டாங்க. விருந்தாளி தங்குற வீட்ல கேஸே இருக்கட்டும்.

அக்கா, பர்னரை வெச்சு முடிவு பண்ணாதீங்க. பர்னர், தகடு, கம்பி எல்லாம் செருப்புக்கு வார் மாதிரி, தேயும், மாத்திக்கலாம். பாக்க வேண்டியது பர்னர் உக்காந்திருக்கிற பெட்டி. ஒரு காந்தத்தை வெச்சுப் பாருங்க. ஒட்டலைன்னா, வெள்ளை வெள்ளையா மாவு பூத்த மாதிரி இருந்துச்சுன்னா, அது அலுமினிய வார்ப்பு. நம்ம ஊரு மழைக்கு அது அசையாது. ஒட்டினா இரும்புத் தகடு. அப்ப ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூலையில, எண்ணெய் வடியற ஓட்டையைச் சுத்தி, நல்லா அழுத்திக் குத்துங்க. உள்ள இறங்கிடுச்சுன்னா அதோட கதை முடிஞ்சுது, ஒரு ரூபா செலவு பண்ணாதீங்க. சூட்டுல அடி விட்டுச்சுன்னா எரியற எண்ணெய் நேரா டியூப் மேலதான் விழும்.

மூடியில உரியறது பெயின்ட் இல்ல. கொழுப்புப் புகை படிஞ்சு கரியானது. பித்தளை பிரஷ் போட்டுச் சுரண்டுங்க, வந்துடும்.

மஞ்சள் தீயப் பத்தி. பர்னர் குழாய் ஜெட்டுல, அதான் கேஸ் பீச்சுற சின்ன மூக்குல, வந்து சேர்ற வாய் இருக்கு பாருங்க, அதுக்குள்ள சிலந்தி கூடு கட்டும். மலையில இது ரொம்ப சகஜம். கழட்டி வெளிச்சத்துல பிடிச்சா பஞ்சு மாதிரி தெரியும். அத விட்டா காத்து கலக்காம கேஸ் பின்னாடி திரும்பி நாப் பக்கம் தீப்பிடிக்கும். பால் பாட்டில் பிரஷ்ஷால இழுத்து எடுங்க. அதுக்கப்புறமும் மஞ்சளா இருந்தா, அந்த வாய்கிட்ட திருகுற தகடு ஒண்ணு இருக்கும், கொஞ்சம் திறந்து விடுங்க. கிட்டத்தட்ட 6,000 அடியில காத்து மெலிசு, கீழ்நாட்டுல செட் பண்ணினது இங்க பத்தாது.

இன்னொண்ணு, கண்டிப்பா சொல்லணும். கிரில் பின்னாடி எந்த கேஸுக்குன்னு ஸ்டிக்கர் இருக்கும். குழாய்ல வர்ற இயற்கை எரிவாயுவுக்குச் செஞ்சதா இருந்தா ஜெட் ஓட்டை பெருசு, நம்ம சிலிண்டர்ல மாட்டினா தீ ஆளுயரம் போகும். எல்பிஜிக்கு உள்ளதுன்னா நம்ம 30 மில்லிபார் ரெகுலேட்டர் சரியா வரும். தீ பத்தலைன்னு ஹோட்டல் பட்டி அடுப்புக்குப் போடுற ஹை பிரஷர் ரெகுலேட்டரை யாரு சொன்னாலும் மாட்டாதீங்க.

கொடை சமையல்காரர்:
மெக்கானிக் அண்ணன் சொன்னதுல மாத்துக் கருத்து இல்ல. தீ சின்னதா எரிஞ்சா உடனே பர்னரைக் குத்தம் சொல்லாதீங்க, சிலிண்டரையும் பாருங்க. நம்ம கேஸ்ல புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கு. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரைக்கும் ஆவியாகும், பியூட்டேன் 0 கிட்ட வந்தாலே நின்னுடும். ஜனவரி ராத்திரி, சிலிண்டர் பாதிக்குக் கீழ, நாலு பர்னரும் ஃபுல்லுன்னா கீழ்ப்பக்கம் வேர்த்து ஜில்லுன்னு ஆகி தீ படுத்துடும். அதுக்காக சுடுதண்ணி ஊத்துறது, பக்கத்துல நெருப்பு காட்டுறதெல்லாம் கூடவே கூடாது. நிறைஞ்ச சிலிண்டரா மாத்திட்டு ரெண்டு பர்னர்ல சமைங்க. ஹோம்ஸ்டேன்னா 19 கிலோ நீலச் சிலிண்டர்தான் சரி, வீட்டுச் சிவப்புச் சிலிண்டர் தொழிலுக்கு ஆகாது.

கோத்தகிரி வீட்டம்மா:
ரெண்டு அண்ணாவுக்கும் நன்றி. காந்தம் ஒட்டல. ஸ்க்ரூ டிரைவரும் எங்கயும் இறங்கல. ஸ்டிக்கர்ல எல்பிஜின்னுதான் போட்டிருக்கு. மஞ்சள் பர்னர்ல இருந்து வெள்ளையா கூடு, உள்ள முட்டையோட வந்துச்சு. கழுவிக் காய வெச்சு மாட்டினேன், இப்ப நீலமா எரியுது. ரிப்பேர்தான், முடிவு பண்ணிட்டேன். கால் மட்டும் தேறாது, அதனால கொத்தனாரை விட்டு இடுப்பளவு செங்கல் மேடை கட்டி பெட்டியை அது மேல உக்கார வைக்கப் போறேன். ஓட்டை பர்னரும் தகடும் கோயமுத்தூர்ல பட்டறையில அடிச்சுத் தருவாங்களா? என்னன்னு சொல்லிக் கேக்கணும்?

குன்னூர் அடுப்பு மெக்கானிக்:
தாராளமா தருவாங்க. பழைய பர்னரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அதையே மாதிரிக்குக் கொண்டு போங்க. ஓட்டை அளவும் இடைவெளியும் அதே மாதிரி வேணும்னு அழுத்திச் சொல்லுங்க, பெருசாக்கினா தீ பர்னருக்குள்ள இறங்கி எரியும். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு கேளுங்க, வாங்கும்போது அங்கயே காந்தம் வெச்சுப் பாருங்க, பச்சுன்னு ஒட்டினா அது வேற சரக்கு. வளைச்ச இடத்துல, வெல்டிங் பக்கத்துல லேசா இழுத்தா பரவாயில்ல.

மேடை கட்டும்போது சிலிண்டர் வைக்கிற அறைக்கு அடி மட்டத்துல ரெண்டு பக்கமும் ஓட்டை விடச் சொல்லுங்க. கேஸ் காத்தை விட கனம், கசிஞ்சா தரையோட தேங்கும். டியூப் புதுசா ஆரஞ்சு கலர் சுரக்ஷாவே போடுங்க. மாட்டினதும் எல்லா ஜாயின்ட்லயும் சோப்பு நுரை தடவிப் பாத்துட்டுத்தான் பத்த வைக்கணும்.