வெளிநாட்டில் வாழும் ஜப்பானியக் கலைஞர்களின் கண்காட்சி: பார்த்தவர்கள், உள்ளே வேலை செய்தவர்கள் பகிர்பவை

வெனிஸ் பார்வையாளர்:
இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சர்வதேசக் கலைக் கண்காட்சியான வெனிஸ் பியன்னாலேயில் ஜப்பானுக்குச் சொந்த அரங்கம் உண்டு. யோஷிசாகா தகாமாசா வடிவமைத்தது, 1956இல் திறந்தது. பொறுப்பு ஜப்பான் அறக்கட்டளை. அதாவது அரசு முகம். 2015இல் அந்த இடத்தை ஒசாகாவில் பிறந்து பெர்லினில் குடியிருக்கும் சிஹாரு ஷியோட்டாவுக்குக் கொடுத்தார்கள். இரண்டு பழைய படகுகள், அவற்றுக்கு மேலே கூரை முழுக்கச் சிவப்பு நூல் பின்னல், நூலில் தொங்கும் 50,000க்கும் மேற்பட்ட சாவிகள். எல்லாம் மக்களிடம் கேட்டு வாங்கியவை, புழங்கித் தேய்ந்தவை. புதுச் சாவியாகக் கட்டியிருந்தால் வெறும் தோரணமாகப் போயிருக்கும். செர்ரிப் பூ, ஃபூஜி மலை எதையும் காட்டாமலே நாட்டின் பெயரில் நின்ற கண்காட்சி அது.

சுங்க வேலை தெரிந்தவர்:
பெர்லினிலிருந்து வெனிஸுக்குச் சரக்கு வந்தால் சுங்கமே கிடையாது, இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள். டோக்கியோவிலிருந்து என்றால் ஏ.டி.ஏ. கார்னே எடுப்பது வழக்கம்; வரி கட்டாமல் பொருளைத் தற்காலிகமாகக் கொண்டுவந்து திருப்பி எடுத்துப்போகும் சுங்க ஆவணம் அது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டுப் போனதால் 2021 முதல் லண்டனிலிருந்து வருவதற்கும் இதே கதைதான். கார்னே ஓராண்டு செல்லும், போன பொருள் அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். கண்காட்சி முடிந்ததும் வெட்டி எறியப்போகிற நூல், பசை, ஆணி எல்லாம் தீர்ந்துபோகும் பொருள்கள். அவற்றைக் கார்னேயில் சேர்க்கக் கூடாது. தனி இன்வாய்ஸில் இறக்குமதி செய்யுங்கள், இல்லையென்றால் உள்ளூரில் வாங்குங்கள். மரப்பெட்டி ஒட்டுப்பலகையில் இல்லாமல் முழு மரப் பலகையில் செய்ததா? மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருந்ததற்கான முத்திரை பெட்டியிலேயே இருக்க வேண்டும். ஒட்டுப்பலகைக்கு அது வேண்டாம்.

சட்டகம், மாட்டல் வேலை:
ககேஜிகு என்ற தொங்கு சுருள் ஓவியம் வந்தால் வந்த அன்றே பிரிக்காதீர்கள். பெட்டி மூடியபடியே 24 மணி நேரம் அதே கூடத்தில் கிடக்கட்டும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் தூதரகக் கூடம் எலும்பாக உலர்ந்திருக்கும். சுருளுக்கு வேண்டியதோ 50 முதல் 55 சதவீத ஈரப்பதம். பட்டு, காகிதம், பசை மூன்றும் ஒரே அளவில் சுருங்காது, அதனால்தான் ஓரம் மடங்குகிறது. நிமிர்த்துகிறேன் என்று கீழ்த்தண்டில் கனம் கட்ட வேண்டாம். தண்டின் இரு முனையிலும் மாட்டும் ஃபூச்சின் எடைகளே போதும்; அவை ஆடாமல் இருக்கத்தான். வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக் கூடாது. திறப்பு விழா வீடியோக்காரர் விளக்கைத்தான் முதலில் கண்காணிக்க வேண்டும்! சுருள் வந்த கிரி (இலேசான ஒரு ஜப்பானிய மரம்) பெட்டியின் மூடியில் கலைஞர் எழுத்து இருந்தால் அதுவும் படைப்பில் சேர்த்திதான். குப்பையோடு போய்விடப் போகிறது.

பாரிஸ்வாசி:
வெளிநாட்டில் வாழும் கலைஞரை ஜப்பானின் பெயரில் நிறுத்துவது இன்று நேற்று வந்த ஏற்பாடு இல்லை. 1929இல் பாரிஸ் பல்கலைக்கழகக் குடியிருப்பு வளாகத்தில் ஜப்பான் இல்லம் திறந்தபோது ஓவியம் வரைந்தவர், 1913இலேயே பாரிஸுக்கு வந்துவிட்ட ஜப்பானிய ஓவியர் ஃபுஜிதாதான். தங்கத் தகட்டுப் பின்னணியில் மேற்கத்தியர் ஜப்பானுக்கு வந்திறங்கும் காட்சி. அதே மனிதர் 1955இல் பிரெஞ்சுக் குடிமகனானார்.

பெயர்ப்பலகை அச்சடிப்பவர்:
முதல் பதிவைப் பாருங்கள்: கட்டடக் கலைஞருக்குக் குடும்பப் பெயர் முன்னால், ஷியோட்டாவுக்குப் பின்னால். 2020 ஜனவரி முதல் ஜப்பானிய அரசு ஆவணங்களில் ரோமன் எழுத்திலும் குடும்பப் பெயர்தான் முதலில். வெளிநாட்டில் வாழும் கலைஞர் பலர் மாற்றித்தான் எழுதுவார்கள். அழைப்பிதழில் ஒரு மாதிரி, சுவரில் வேறு மாதிரி வந்து நிற்கும். ஆங்கிலப் பலகை என்றால் குடும்பப் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் போடுங்கள். எந்த வரிசை என்பதைக் கலைஞரிடமே கேட்டு எழுத்தில் வாங்கிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.