புது வண்டிக் கதவில் பெயிண்ட் வடிந்திருக்கிறது, ஷோரூமில் மறுபடி அடிக்கக் கொடுக்கலாமா?

தங்கச்சிமடம் டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். போன வெள்ளிக்கிழமை கார் எடுத்தோம், எங்கள் வீட்டில் முதல் கார். கருநீல மெட்டாலிக். டெலிவரி எடுத்தது சாயங்காலம், அந்த விளக்கில் எல்லாம் பளபளவென்றுதான் இருந்தது. மறுநாள் காலை வாசலில் வைத்துத் துடைக்கும்போது வெயில் சாய்வாக விழுந்தது. அப்போதுதான் கண்ணில் பட்டது.

பானெட்டில் நாலைந்து தூசி, ரவை அளவுக்கு, பெயிண்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. இடது பின்கதவின் கீழ்ப்பக்கம் இரண்டு விரற்கடை நீளத்துக்கு பெயிண்ட் வடிந்து உறைந்திருக்கிறது. சர்ச்சில் மெழுகுவத்தி வடிந்து நிற்குமே, அதே மாதிரி. கட்டைவிரலால் தடவினால் நுனியில் ஒரு முடிச்சு தட்டுப்படுகிறது. வலது முன்கதவு ஓரத்தில் அரை அரிசி அளவு பெயிண்ட் பெயர்ந்து உள்ளே தகரம் தெரிகிறது.

ஷோரூமில் கேட்டேன். "மூணு நாள் விடுங்க மேடம், பானெட்டையும் ரெண்டு கதவையும் முழுசா அடிச்சுத் தர்றோம், காசு வேண்டாம்" என்கிறார்கள். மாமனார் வேண்டாம் என்கிறார். முப்பது வருஷம் படகுக்கு பெயிண்ட் அடித்தவர் அவர். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம்தான். கேட் கீல் இரண்டே வருஷத்தில் பொரிந்து உதிர்ந்துவிட்டது. தினமும் பாம்பன் பாலம் தாண்டி மண்டபத்துக்கு வேலைக்குப் போகிறேன். லோன் ஏழு வருஷம். என்ன செய்யட்டும்?

கீழக்கரை காக்கா:
கொடுக்காதீங்க தங்கச்சி. என் வண்டியில் ஒரு கீறலுக்காகக் கதவு முழுக்க அடித்துத் தந்தார்கள். வாங்கும்போது வித்தியாசமே தெரியவில்லை. இரண்டாவது வாடைக்காலம் முடிந்தபோது கதவின் அடி ஓரத்தில் அம்மைக் கொப்புளம் மாதிரி கிளம்பியிருந்தது. நகத்தால் குத்தினால் உள்ளே செம்மண் நிறத்தில் துரு. பக்கத்துக் கதவு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

முகவை பெயிண்டர்:
டீச்சர், நான் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறையில் 19 வருஷமாக இருக்கிறேன். உங்கள் மாமனார் சொன்னது சரி. ஏன் என்று சொல்கிறேன்.

கம்பெனியில் வண்டி வெறும் கூடாக இருக்கும்போதே பிரைமர் தொட்டியில் முழுசாக முக்கி, மின்சாரம் பாய்ச்சி, கதவு மடிப்புக்குள் வரை பிரைமரை ஏற வைக்கிறார்கள். உப்பிலிருந்து தகரத்தைக் காப்பாற்றுவது முக்கியமாக அந்தப் படிவுதான். அதற்கு மேல் கலர், அதற்கு மேல் நிறமில்லாத கிளியர் பூச்சு. எல்லாம் 140 டிகிரி, அதற்கு மேலும் சூட்டில் சுட்டு எடுத்தது. பட்டறையில் பெயிண்ட் அடித்துக் காய வைக்கிற எங்கள் பூத்தில் 60 டிகிரி, மிஞ்சினால் 80. அதற்கு மேல் போனால் ஒயர், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் கெட்டுவிடும். கை சுத்தமான பெயிண்டர் அடித்தாலும் கம்பெனிச் சூளையில் சுட்டது போல வராது. அவசரத்தில் வாட்டர் பேப்பர் போடுகிறவன் ஓரத்தில் அந்த பிரைமரையும் தேய்த்துத் தகரத்தைக் காட்டிவிடுவான். காக்கா வண்டியில் அதுதான் நடந்திருக்கும்.

பானெட் தூசியை விட்டுவிடுங்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும், அதனால் துரு வராது. உறுத்தினால் 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் அந்தப் புள்ளியை மட்டும் தேய்த்து காம்பவுண்ட் (பாலிஷ் பசை) போடச் சொல்லலாம்.

தகரம் தெரிகிற இடம் சின்னதுதான், ஆனால் இந்த வாரமே மூட வேண்டியது அதுதான். சுத்தமாகத் துடைத்து, ஒரு பொட்டு பிரைமர், காய்ந்ததும் உங்கள் வண்டியின் கலர் நம்பருக்குரிய டச்சப் பெயிண்டை மெல்லிய பிரஷ்ஷில் இரண்டு மூன்று தடவை, கடைசியில் கிளியர். கிட்டப் போனால் மச்சம் மாதிரி தெரியும். தெரியட்டும், துரு ஏறாது.

எனக்கு உறுத்துவது இடது பின்கதவு. கம்பெனியில் அந்த அளவு வடிந்தால் செக்கிங்கில் தப்புவது கஷ்டம். வெளியே மறுபடி அடித்த கதவோ என்று சந்தேகம். கதவைத் திறந்து ஓரத்து பீடிங் ரப்பரை லேசாக விலக்கிப் பாருங்கள், பெயிண்ட் அடிக்கும்போது மறைக்க டேப் ஒட்டிய கோடு இருக்கிறதா என்று. ரப்பரில் நீலத் தூள் படிந்திருந்தாலும் சொல்லுங்கள். முடிந்தால் பெயிண்ட் கனம் அளக்கிற மீட்டர் வைத்திருப்பவரிடம் காட்டுங்கள்.

தங்கச்சிமடம் டீச்சர்:
அண்ணா, நீங்கள் சொன்னதுதான். ரப்பருக்குப் பின்னால் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. ராமநாதபுரத்தில் பழைய வண்டி வாங்கி விற்கிறவரிடம் மீட்டர் இருந்தது. பானெட் 112, வலது முன்கதவு 118, கூரை 109. இடது பின்கதவில் எங்கே வைத்தாலும் 230, 240 மைக்ரான். புது வண்டி என்று தந்தது ஏற்கெனவே ஒரு தடவை அடித்த கதவு. நேற்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

கடலோர வக்கீல்:
மீட்டரைக் கதவில் வைத்தபடி நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், நம்பர் பிளேட்டோடு ஒரு வீடியோவும். வாயால் பேச வேண்டாம், மெயிலில் கேளுங்கள்: இந்தக் கதவு எப்போது, எதற்காக அடிக்கப்பட்டது? ஜாப் கார்டில் (சர்வீஸ் வேலைச் சீட்டில்) எழுதி வாங்காமல் சாவியைக் கொடுக்கக் கூடாது. பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2019 சட்டப்படி இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. விட்டுக்கொடுக்காதீர்கள்.

முகவை பெயிண்டர்:
டீச்சர், பயப்படாதீர்கள். கதவு முழுக்க ஒரே மாதிரி 230, 240 என்றால் மேலே ஒரு கோட்டிங் கூட ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். அடிபட்டு, பள்ளத்தைப் பட்டி வைத்து நிரப்பிய கதவு என்றால் அந்த இடத்தில் மட்டும் 500, 1000 என்று எகிறும். புது வண்டிகளை நிறுத்தி வைக்கிற யார்டில் கீறல் விழுந்திருக்கும், மறைக்க அடித்திருப்பார்கள். சொல்லாமல் தந்தது தப்பு, அதை வக்கீல் அண்ணன் சொன்னபடி எழுத்தில் கேளுங்கள். ஆனால் அந்தக் கதவை மூன்றாவது தடவை அடிக்க விடவே விடாதீர்கள். வடிந்த முடிச்சை மட்டும் தேய்த்து பாலிஷ் போட்டால் போதும்.

தங்கச்சிமடம் டீச்சர்:
இன்று போய் வந்தேன். யார்டில் உரசியதால் அடித்தோம் என்று மேனேஜர் ஜாப் கார்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அந்தக் கதவில் துரு வந்தால் ஐந்து வருஷம் அவர்கள் பொறுப்பு என்று லெட்டர்ஹெட்டில் தனியாகவும் வாங்கிவிட்டேன். முடிச்சை என் கண் முன்னாலேயே தேய்த்தார்கள். பானெட்டைத் தொடவிடவில்லை. டச்சப் பாட்டிலை மட்டும் வாங்கி வந்தேன். மாமனார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார், பிரைமர் காயட்டும் என்று.