குழந்தைகளுக்கான உறுப்பு மாற்று சிகிச்சை: அரசு எதுவரை செலவழிக்க வேண்டும்?

கணக்கன்:
குழந்தைகளின் கல்லீரல் மாற்று சிகிச்சைக்கென அரசு செலவில் தனி மையங்கள் வேண்டும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. குழந்தைகளை இந்த அறுவைக்குக் கொண்டுவரும் முதன்மைக் காரணம் பித்தநாளம் அடைபட்டுப் போகும் நோய். பிறந்த 60 நாட்களுக்குள், கல்லீரலைக் குடலோடு நேரடியாக இணைக்கும் கசாய் அறுவையைச் செய்தால் பித்தம் வடிவதற்கான வாய்ப்பு கூடுகிறது. மலம் சுண்ணாம்பு போல் வெளுத்திருப்பதைத் தாய் கண்டுகொள்ள மல நிறங்களை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் ஒரு வண்ண அட்டை போதும். தைவான் 2004இல் அதை நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தியது. அட்டையின் செலவுக்கும் மையத்தின் செலவுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு.

தாழ்வாரம்:
அட்டை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, ஐயா. ஆனால் கசாய் அறுவை நடந்த குழந்தைகளிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு, வளர்ந்து ஆளாவதற்குள் மாற்றுக் கல்லீரல் தேவைப்பட்டுவிடுகிறது. 1963இல் அமெரிக்க அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்டார்சல் உலகின் முதல் கல்லீரல் மாற்று அறுவையைச் செய்ததே இந்நோய் கண்ட மூன்று வயதுக் குழந்தைக்குத்தான்; இரத்தப்போக்கு நிற்காமல் அக்குழந்தை அறுவையின்போதே இறந்தது. இன்று தாயின் அல்லது தந்தையின் கல்லீரலில் இடப்பக்கத் துண்டை எடுத்து, பத்துக் கிலோகூட எட்டாத குழந்தைக்குப் பொருத்துகிறார்கள். கல்லீரலுக்குச் செல்லும் தமனியோ சில மில்லிமீட்டர் அகலமே உடையது. அதில் இரத்தம் உறைந்தால் பொருத்திய உறுப்பே பறிபோகலாம். ஆண்டுக்கு இரண்டு மூன்று அறுவைகள் மட்டுமே நடக்கும் இடத்தில் இதற்கான கைப்பழக்கம் வராது என்பதால்தான் தனி மையம் கேட்கிறோம்.

கணக்கன்:
அப்படியானால் மையங்கள் ஒன்றிரண்டுதான் இருக்க முடியும். தொலைவிலுள்ள குடும்பம் என்ன செய்யும்?

மகளின் அம்மா:
நாங்கள் அப்படித் தொலைவிலிருந்து போனவர்கள்தாம். அறுவைக்கு உதவி கிடைத்தது. ஓராண்டுக்குப் பிறகான மருந்துக்குக் கிடைக்கவில்லை. பொருத்திய உறுப்பை உடல் ஒதுக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு பார்க்கும் நாளில் காலை மருந்துக்கு முன்பே இரத்தம் எடுக்க வேண்டியிருப்பதால், மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வகம் திறக்கக் காத்திருப்பேன். மருந்து தடைப்பட்டால் உடல் அந்த உறுப்பை ஏற்க மறுத்துவிடும். அரசு அறுவைக்குக் கொடுத்த பணமும் அதோடு வீண்தானே?

கணக்கன்:
அம்மா, இந்தக் கோணத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை. மருந்துக்கும் பரிசோதனைக்கும் உரிய தொகையை முதல் நாளிலேயே சேர்த்து ஒதுக்குவதானால் என் எதிர்ப்பு பாதி குறையும். வண்ண அட்டைக்கான நிதியில் கைவைக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் இறங்கிவர மாட்டேன்.

தாழ்வாரம்:
அதில் நானும் உங்கள் பக்கமே.