வெற்றிடப் பையில் காய்ந்த பசைக்கு வெந்நீர் ஊற்றலாமா?

ஆரையம்பதித் தச்சர்:
வினீர் என்னும் மெல்லிய மரத்தகட்டைப் பலகையில் ஒட்டுவதற்காகப் பம்பால் காற்றை உறிஞ்சி அழுத்தும் வெற்றிடப் பையில் பசை காய்ந்துவிட்டால் உள்ளே வெந்நீரை ஊற்றி ஓர் இரவு ஊற விடுங்கள், காலையில் பாலாடைபோல் உரிந்து வரும் என்று கல்முனைப் பட்டறைக்காரர் நேற்று எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பைக்குள் தண்ணீர் போகவே கூடாது. பசை முற்றாகக் காயும்வரை பொறுத்திருந்து, பையை உட்புறம் வெளியே வரும்படி புரட்டி, படிந்த இடத்தை இரு கைகளாலும் மடித்து மடித்து விரித்தால் அது வெடித்துத் தானாகவே உதிரும். பதினோராண்டாக இதைத்தான் செய்கிறேன்.

கல்முனைப் பட்டறை:
அண்ணன், நான் சொன்னது கொதிநீரையன்று, கை பொறுக்கும் சூட்டில் உள்ள நீரை. வெள்ளைப் பசை காய்ந்த பின்னும் நீரை உறிஞ்சி வெளுத்து இளகும். சிறிது வினாகிரி கலந்தால் இன்னும் விரைவாக இளகும். பிறகு பழந்துணியால் துடைத்தாலே போதும். நீங்கள் சொன்னபடி மடித்தும் பார்த்தேன். பசை உதிரவில்லை, பையோடு சேர்ந்து வளைந்தது.

ஆரையம்பதித் தச்சர்:
வளைந்தது என்றால் அது காயவில்லை என்று பொருள், தம்பி. ஓர் இரவு தண்ணீர் ஊற்றி வைப்பவர் இன்னும் இரண்டு நாள் காய விட்டிருக்கலாமே! தண்ணீரால் வரும் கேட்டைச் சொல்கிறேன். மார்கழி மழையில் புரட்டிப்போட்ட பை எத்தனை நாளானாலும் மூலைகளில் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தோடு பம்பைப் போட்டால் நீராவி பம்புக்குள் போய் எண்ணெயில் கலந்து, எண்ணெய் பால்போல் வெளுத்துவிடும். பையை விடப் பம்பு விலை கூடியது.

சம்மாந்துறை வினீர்காரர்:
இருவரும் எந்தப் பை, எந்தப் பசை என்று சொல்லாமலே வாதிடுகிறீர்கள். யூரியா ஃபோர்மல்டிஹைட் பசை இறுகினால் கண்ணாடிபோல் நொறுங்கும், வெந்நீரில் இளகாது, மடித்தால் உதிரும், ஆனால் அதன் கூர்முனை பையைத் துளைக்கவும் கூடும். வெள்ளைப் பசையோ இறப்பர்போல் வளையும், நீரில் இளகும். பொலியூறித்தேன் பையில் பசை இலகுவில் பற்றாது, வைனில் பையில் சற்றுப் பற்றும். அசற்றோனை மட்டும் இரண்டிலும் தொடாதீர்கள்: வைனில் இளகிப் பின் விறைத்துப்போகும், பொலியூறித்தேன் ஊதிப்போகும்.

ஆரையம்பதித் தச்சர்:
காக்கா, எந்தப் பை என்பது இங்கே கேள்வியே அன்று. பைக்குள் தண்ணீர் போகலாமா என்பதுதான் கேள்வி. இரண்டு ஆண்டுக்கு முன் என் பம்பை ஒருவர் இரவல் வாங்கிச் சென்றார். திரும்பி வந்தபோது எண்ணெய் வெளுத்திருந்தது. அவர் இன்று வெந்நீருக்குப் பரிந்து பேசுவதைப் பார்க்கும்போது காரணம் எனக்கு விளங்குகிறது.

கல்முனைப் பட்டறை:
பெயர் சொல்லாவிட்டாலும் என்னைத்தான் சொல்கிறீர்கள். அந்த எண்ணெய் என்னிடம் வரும்போதே கலங்கித்தான் இருந்தது. அன்றே சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை. அதிருக்கட்டும், நீங்கள் ஒட்டிய தேக்குக் கதவில் பயற்றளவு குழிகள் ஏன் விழுந்தன? மடித்து உதிர்த்த பசைத் துண்டு பைக்குள்ளேயே கிடந்தது. பாதரச அளவில் 25 அங்குல வெற்றிடத்தில் ஒரு சதுர அடிக்கு 1,700 இறாத்தலுக்கு மேல் அழுத்தம் விழும்போது, வினீரின் மேலிருக்கும் சிறு துண்டும் தன் அச்சைப் பதித்துவிடும். துடைத்தெடுத்த பையில் எனக்கு அப்படி நேர்ந்ததில்லை.

ஆரையம்பதித் தச்சர்:
அந்தக் குழிகள் பலகையின் கணுக்களால் வந்தவை. உதிர்த்த துண்டுகளை நான் தூரிகையால் கூட்டியே எடுக்கிறேன். என் வேலையைக் குறை சொல்வதற்கு முன் வினீருக்கும் பைக்கும் இடையில் பொலித்தீன் விரிக்கும் பழக்கத்தை நீங்கள் பிடித்துக்கொண்டிருந்தால், பசை பையில் பட்டே இராது, இந்தத் தண்ணீர்ப் பேச்சும் எழுந்திராது.

களுவாஞ்சிக்குடிப் பயிலுநர்:
என் பையின் வாயில், கவ்வி பிடிக்கும் இடத்தில் பசை காய்ந்து காற்றுக் கசிகிறது. சுரண்டுதகட்டால் எடுக்கலாமா?

சம்மாந்துறை வினீர்காரர்:
உலோகத்தைக் கொண்டுபோகாதீர்கள், பை கிழிந்துவிடும். முனை மழுங்கிய மரச் சீவல் போதும். எந்தப் பசை என்று முதலில் சொல்லுங்கள், தம்பி.

கல்முனைப் பட்டறை:
வெள்ளைப் பசையாக இருந்தால் அந்த இடத்தில் வெந்நீரில் நனைத்த துணியை அரைமணி நேரம் போட்டு வையுங்கள், தம்பி.

ஆரையம்பதித் தச்சர்:
துணியில் வந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான். மடித்து உதிர்த்துவிடுங்கள். உதிராவிட்டால் நாளையும் காய விடுங்கள்.