எக்ஸ்ரே படிக்கச் சாதாரண மானிட்டர் போதாதா?

கேள்வி:
எங்கள் மருத்துவமனையின் கதிரியக்கப் பிரிவுக்குத் திரைகள் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. கடையில் கிடைக்கும் 4கே மானிட்டரிலேயே படம் தெளிவாகத் தெரியும்போது, பல மடங்கு விலையுள்ள மருத்துவத் திரை எதற்கு என்று நிர்வாகம் கேட்கிறது. என்ன விளக்கம் சொல்லலாம்?

மறுமொழி 1:
புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 4கே திரையில் சுமார் 8 மெகாபிக்சல் உண்டு. மார்பக எக்ஸ்ரே படிப்பதற்கான திரைகளிலோ பெரும்பாலும் 5 மெகாபிக்சல்தான். ஆகவே வாதம் அங்கே இல்லை. எக்ஸ்ரேயில் நோயின் அறிகுறி பல நேரங்களில் அடுத்தடுத்த சாம்பல் சாயல்களுக்கு இடையிலான மிகச் சிறிய வேறுபாடாகவே இருக்கும். மருத்துவப் படங்களுக்கான பன்னாட்டுத் தரநிலையான டைகாமின் (DICOM) 14ஆம் பகுதி, இருண்ட இடமானாலும் வெளிச்சமான இடமானாலும் ஒவ்வொரு சாயல் படியும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே அளவு மாற்றமாகத் தெரியும்படி திரையின் ஒளிர்வை வரையறுக்கிறது. அதற்கேற்பச் சரிசெய்யப்படாத மானிட்டரில், குறிப்பாக இருண்ட பகுதிகளில், நுண்ணிய விவரங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடக்கூடும். மேலும் ஒரு திரை எத்தனை சாயல்களைப் பிரித்துக் காட்டும் என்பதை அதன் பிட் எண்ணிக்கை தீர்மானிக்கிறது: 8 பிட் திரை 256 சாயல்களைக் காட்டும். 10 பிட் திரை 1024 சாயல்களைக் காட்டும்.

மறுமொழி 2:
திரையின் பின்னொளி நாளடைவில் மங்கும் என்பதையும் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். நல்ல மருத்துவத் திரைகள் உள்ளிருக்கும் உணரியால் ஒளிர்வை அளந்து தாமே ஈடுசெய்துகொள்கின்றன. ஆனால் படிக்கும் அறையில் ஜன்னல் வெளிச்சம் நேரே திரையில் விழுமானால் இத்தனை செலவும் வீண்.

மறுமொழி 3:
எல்லா இடத்துக்கும் மருத்துவத் திரைகள் தேவையில்லை என்பது என் கருத்து. அறிக்கை எழுதும் கதிரியக்க மருத்துவருக்கு வாங்குங்கள். முடிவான அறிக்கையோடு வார்டில் படத்தைப் பார்ப்பவருக்கு அதைவிடக் குறைந்த தரத் திரை போதும். அறுவை அரங்கின் தேவை முற்றிலும் வேறு: அங்கே நிறத் துல்லியமும், கேமரா காட்சி தாமதமின்றி வருவதும், கிருமிநாசினியால் துடைக்கத் தாங்கும் முகப்பும் முக்கியம்.