ஏற்காட்டில் டயல்-அப்: பிபிபிடி தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்திலிருந்து மழை அளவைச் சேலத்துக்கு அனுப்ப ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி வைத்திருக்கிறோம், அங்கே கேபிள் வராது என்பதால் யூஎஸ்பி மோடத்தில் சிம் போட்டு பிபிபிடி (pppd, மோடம் வழியாக இணைய இணைப்பை ஏற்படுத்தும் லினக்ஸ் நிரல்) வழியாகத்தான் டயல் செய்கிறது. இணைப்பு கிடைக்கிறது, ஐபியும் வருகிறது. ஈதர்நெட்டில் ஏற்கெனவே ஒரு டிஃபால்ட் ரூட் (தரவு வெளியே போகும் வழி) இருந்ததால் பிபிபிடியில் வெறும் டிஃபால்ட்ரூட் ஆப்ஷன் எடுபடவில்லை, பழைய வழியை மாற்றிவிடும் ரீப்ளேஸ்டிஃபால்ட்ரூட் போட்டதும் அது சரியாகிவிட்டது.

தலைவலி அப்புறம்தான். கரண்ட் போய் டவர் படுத்து எழுந்தால், பிபிபி0 (அந்த மோடம் இணைப்பு) உயிரோடு இருப்பதாகவே காட்டுகிறது, ஆனால் ஒரு பிங் கூடப் போவதில்லை. எல்சிபி-எக்கோ-இன்டர்வல் 30, எல்சிபி-எக்கோ-ஃபெயிலியர் 4 என்று (30 நொடிக்கொரு முறை எதிர்முனைக்கு எக்கோ அனுப்பி, தொடர்ந்து 4 முறை பதில் இல்லையென்றால் துண்டிக்க) வைத்தும் துண்டிக்கவில்லை. எக்கோவுக்கு மோடமே பதில் சொல்லிவிடுகிறது, டவர் வரை அது போவதே இல்லை என்று நினைக்கிறேன். துண்டித்தால் விடாமல் மறுபடி முயலச் சொல்லும் பெர்சிஸ்ட், மேக்ஸ்ஃபெயில் 0 இரண்டும் இருக்கின்றன, ஆனால் இணைப்பு செத்தது தெரிந்தால்தானே மறுபடி டயல் செய்யும்!

கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் லினக்ஸ் வசதி) பிங் பார்த்து, போகவில்லை என்றால் பிபிபிடிக்கு சிக்ஹப் (இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் சிக்னல்) அனுப்பலாம் என்று யோசனை. மோடமே உறைந்து கிடந்தால் என்ன செய்வது? யூஎஸ்பி பவரை மென்பொருளிலேயே அணைத்துப் போட முடியுமா? புது ரவுட்டர் வாங்கச் சொல்லாதீர்கள், தோட்டக்காரர் காசு தரமாட்டார். இதே மாதிரி ஓட்டுபவர்கள் உங்கள் பிபிபிடி ஆப்ஷன்ஸ் கோப்பை அப்படியே ஒட்டுங்கள், பாஸ்வேர்டை மட்டும் எடுத்துவிட்டு.